பழுதான டிவியைக் காயலான் கடையில் போடலாமா?

வேண்டாம். இனி உதவாது என்று ஒதுக்கும் டிவி, போன் போன்றவற்றுக்குப் பெயர் மின்னணுக் கழிவு, அதாவது இ-வேஸ்ட். அதற்கு வழி தனி.

காரணம் உள்ளே இருக்கிறது. பின்பக்கம் புடைத்த பழைய கலர் டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஒரு கிலோவுக்கு மேல்கூட ஈயம் கலந்திருக்கும். எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். ஆரம்பகால எல்சிடி டிவிகளில் திரைக்குப் பின்னால் பாதரச விளக்குகள் உண்டு. டியூப்லைட் மாதிரிதான்: முழுசாக இருக்கும்வரை தொல்லையில்லை, உடைந்தால் வினை. காயலான் கடையிலோ, செம்புக் கம்பிக்காகப் பழைய டிவியின் படக்குழாயைத்தான் முதலில் உடைப்பார்கள்.

இந்தியாவில் 2022 மின்னணுக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துடையது. அதன் கஸ்டமர் கேரில் கேளுங்கள், அல்லது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். புது டிவி வாங்குவதென்றால் எக்ஸ்சேஞ்ச் சுலபம். பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கலாம்.

அப்புறம், பழைய டிவிக்குள் லட்சக்கணக்கில் விலைபோகும் 'சிவப்பு பாதரசம்' இருக்கிறது என்பது சுத்தப் புரளி. குழாயை உடைத்தால் கிடைப்பது ஈயக் கண்ணாடிச் சில்லுதான்.