அச்சில் வந்த நகர்த்தல்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. செஸ் வகுப்பில் சிசிலியன் டிஃபென்ஸ் என்கிற ஓப்பனிங்கை (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) 15 நகர்த்தல் வரை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஓப்பனிங் மனப்பாடம் இல்லாமல் ஜெயிக்கவே முடியாதா? பேசாமல், காய்களை மாற்றி அடுக்கி ஆடும் செஸ் 960-க்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ‘செய்யச் சொல்கிறார்கள்’ என்கிறீர்கள். ஏன் என்று பையன் கேட்டானா? என் கவலை அதுதான். மனப்பாடத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை கணக்கில் திணறத்தான் செய்யும். மனப்பாடமே கூடாது என்று கடிதம் எழுதும் கல்வியாளர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன், இனியும் கட்டுவேன். நான் பயப்படுவது, ஒன்று அச்சேறிவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கைக்கு.

ஆனந்தையே அது கவிழ்த்திருக்கிறது. 1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். எதிரே கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா. பெட்ரோவ் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கில் ஐந்தாவது நகர்த்தலாக ஆனந்த் பிஷப்பை எஃப்5 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். முந்தைய வருடம் மைல்ஸ், கிறிஸ்டியன்சன் என்ற இரு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடியபோது அதே நகர்த்தல் வந்து, ஆட்டம் டிராவில் முடிந்து, அச்சிலும் வந்திருந்தது. அதை நம்பித்தான் ஆனந்த் ஆடினார். சபாட்டா தன் ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி ராஜாவுக்கு முன்னால் நிறுத்தினார். நடுவில் நின்ற கறுப்புக் குதிரை அசைய வழியில்லை; அசைந்தால் பின்னால் நிற்கும் அதன் ராஜா அந்த ராணியின் தாக்குதலில் மாட்டும். அடுத்து ஒரு சிப்பாயைத் தள்ளினால் போதும், ஒரு காய் காலி. ஆறாவது நகர்த்தலைப் பார்த்ததும் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் ஞாபகம் துளியும் பிசகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே ஆனந்த் 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில், உலக சாம்பியன்ஷிப்பில், ரஷ்யாவின் கிராம்னிக்குக்கு எதிராக மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புக் காய்களோடு ஒரே ஓப்பனிங்கை இறக்கி இரண்டிலும் ஜெயித்தார். அதுவும் வீட்டில் தயார் செய்து வந்ததுதான். ஆனால் அவரும் அவர் குழுவும் உட்கார்ந்து குடைந்து எடுத்தது. அந்த உயரத்தில் தியரி, அதாவது முன்பே ஆராய்ந்து வைத்த ஓப்பனிங் நகர்த்தல்கள், இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாது. உங்கள் மகன் ஆடும் போட்டிகளில், எதிரே இருக்கும் குழந்தை நான்காவது நகர்த்தலிலேயே வேறு பக்கம் போய்விடும். மிச்சம் 11 நகர்த்தல்களை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

960 ஆடட்டும், நல்ல விளையாட்டு. பாபி ஃபிஷர் 1996-இல் பியூனஸ் அயர்ஸில் அறிவித்தது. பின்வரிசைக் காய்கள் 960 விதமாக மாறி உட்காரும், எதையும் உருப்போட முடியாது. ஆனால் காய்களை வெளியே கொண்டுவரவும் ராஜாவைப் பத்திரப்படுத்தவும் தெரியாத பிள்ளை அதிலும் அடிதான் வாங்கும்.

இன்றிரவு பலகையில் மூன்றே காய் வையுங்கள். வெள்ளை ராஜா இ6, வெள்ளைச் சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8. யார் முதலில் நகர்த்தினாலும் வெள்ளை ஜெயிக்க வேண்டும். பையன் வெள்ளை, நீங்கள் கறுப்பு. அவனால் முடியவில்லை என்றால், பயிற்சியாளரிடம் சிசிலியனை நிறுத்திவைத்து இதை முதலில் சொல்லித்தரச் சொல்லுங்கள்.