அப்பத்தாவின் உயிலும் தம்பியின் வழக்கும்: கோர்ட்டில் உளவியலாளர் என்ன சொல்ல முடியும்?

காரைக்குடியில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். அவ்வப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வரும், போய்ச் சாட்சி சொல்வேன். அதைத் தெரிந்துகொண்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பெயர்களை எடுத்துவிட்டேன், சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, பெரிய வீட்டில் தன் பங்கு முழுவதையும் சின்னச் சித்தப்பாவுக்கு மட்டும் எழுதிவைத்துவிட்டார். அப்போதே அவருக்கு மறதி நோய். "ஆளே போனபிறகு எந்த நிபுணர் வந்து என்ன சொல்வார்?" என்கிறார் சித்தப்பா. (தேவகோட்டை)

சொல்ல முடியும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, உயில் எழுதுகிறவர் தான் என்ன செய்கிறோம் என்று அறிந்திருக்க வேண்டும் என்கிறது. மறதி இருந்தாலே உயில் செல்லாது என்று அதில் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாத ஒருவருக்கு, பெரிய வீட்டு வளவில் எந்த அறை யாருடையது, தனக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கலாம்.

நேர்மாறாகவும் நடக்கும். மறதி நோயில் உபசாரப் பேச்சு கடைசிவரை நிற்பது உண்டு. "வாங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்று நம் ஊர் ஆச்சிமார் அழகாக வரவேற்பார்கள். வந்தவருக்குச் சந்தேகமே வராது. எதிரில் இருப்பது மூத்த மகனா மருமகனா என்று கேட்டால்தான் தடுமாற்றம் வெளியே தெரியும். அதனால் "நல்லாத்தான் பேசினாங்க" என்ற சாட்சியத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இறந்தவர் விஷயத்தில் எனக்கு வேண்டியது தாள்கள். உயில் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, வங்கியில் போட்ட கையெழுத்துகள். அப்பத்தா தன் கைப்பட எழுதிய மொய் நோட்டு இருந்தால் தேடி எடுங்கள். கூட்டல் எப்போது தப்ப ஆரம்பித்தது, ஒரே பெயர் எப்போது இரண்டு முறை வந்தது என்பது அதில் தெரியும். ஆனாலும் நேரில் பார்க்காதவர் தரும் கருத்துக்குக் கனம் குறைவுதான். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவர் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான் கோர்ட் முதலில் பார்க்கும். ரிஜிஸ்டர் செய்த உயில் என்பதாலேயே சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிடாது.

பெரியவர்கள் உயிரோடு இருக்கும் வீட்டாருக்கு: உயில் எழுதும் நாளிலேயே மதிப்பீடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மார்க் ஞாபகச் சோதனை மட்டும் போதாது, படிப்புக் குறைந்தவர்களுக்கு அதில் மார்க் குறைவாகத்தான் வரும். "ஏன் இப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வைப்பது அதைவிட உதவும்.

மருமகள் மனநோய் மாத்திரை சாப்பிடுவதை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள். நீங்கள் ஒரு சர்டிபிகேட் கொடுத்தால் விவாகரத்து கிடைக்குமா? (காரைக்குடி)

கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணைப் பார்க்காமல் வேறு யாரும் கொடுக்கவும் கூடாது. இந்துத் திருமணச் சட்டத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்ற முத்திரையே விவாகரத்துக்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. பரிசோதனை தேவையென்றால் கோர்ட் உத்தரவிடலாம், 2003இல் அதற்கும் தீர்ப்பு வந்திருக்கிறது. மறைத்ததுதான் உங்கள் குறை என்றால் அது வேறு பிரிவு, வக்கீலைப் பாருங்கள். அப்புறம், பீரோவிலிருந்து எடுத்த மருந்துச் சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பாதீர்கள்.

என் தம்பிக்குப் பல வருடமாக ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரையை நிறுத்தியபின் பக்கத்து வீட்டுக்காரரை அரிவாளால் வெட்டிவிட்டான். மனநோயாளி என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்களா? (திருப்பத்தூர்)

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, சம்பவ நேரத்தில் அவர் மனநிலை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்ததென்றால், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. செய்வது என்னவென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. நோய் இருந்தது என்பது வேறு, அந்த நேரத்தில் அந்த நிலையில் இருந்தார் என்பது வேறு. சம்பவத்துக்கு முன்பும், அப்போதும், பிறகும் எப்படி நடந்துகொண்டார் என்று கோர்ட் பார்க்கும். அரிவாளை ஒளித்தாரா, ஓடினாரா, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாரா? இவற்றில் எதுவும் தனியாகத் தீர்மானிக்காது. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம்தான், ஆனால் அரசுத் தரப்புக்குள்ள அளவு கடுமையாக இல்லை. இப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

இரண்டாவது, இன்றைக்கு அவரால் வழக்கைப் புரிந்துகொண்டு வக்கீலிடம் பேச முடியுமா என்பது. முடியாவிட்டால் மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ பரிசோதிக்க மாஜிஸ்திரேட் அனுப்ப வேண்டும். இதற்குக் காத்திருக்காதீர்கள். பழைய சீட்டுகளின் நகலைச் சிறை மருத்துவரிடம் இன்றே கொடுங்கள், முதலில் மாத்திரை தொடரட்டும். விடுதலையானாலும் நேராக வீட்டுக்கு வருவார் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் வைக்கக் கோர்ட் உத்தரவிடலாம்.

நகை திருடிய வேலைக்காரருக்கு நார்கோ சோதனை கேட்கலாமா? (கானாடுகாத்தான்)

மயக்க மருந்து கொடுத்துப் பேசவைக்கும் இந்தச் சோதனையை, சம்மதம் இல்லாமல் யாருக்கும் செய்யக்கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதித்தாலும் அதில் பேசியது அப்படியே சாட்சியம் ஆகாது. அவர்தான் திருடினார் என்பதே இன்னும் நிரூபணம் ஆகவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நேரில் பார்த்த சாட்சியின் நினைவு தவறலாம் என்று சொல்ல உளவியலாளரை அழைக்கலாமா? (சிவகங்கை, ஜூனியர் வக்கீல்)

அமெரிக்காவில் அழைக்கிறார்கள். அங்கே உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துகளின் ஒரே திரைப்படத் துண்டுகளைக் காட்டிவிட்டு, வண்டிகள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். முதல் குழு சராசரியாக மணிக்கு 34 மைல் என்றது, இரண்டாவது குழு சுமார் 41 என்றது. ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அங்கே ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை விளக்க ஆள் தேவைப்படுகிறது. நம்மூரில் சாட்சியை எடைபோடுவது நீதிபதியின் வேலை, என்னைப் போன்றவர்களை இதற்கு அழைப்பது அபூர்வம். உங்கள் குறுக்கு விசாரணைக்கு இது பயன்படும்: போலீஸ் முதலில் எந்த வார்த்தையில் கேட்டார்கள், அடையாள அணிவகுப்புக்கு முன் யாராவது போட்டோ காட்டினார்களா என்று தோண்டுங்கள்.

முதல் சம்மன் வந்திருக்கிறது. கை நடுங்குகிறது. (புதுக்கோட்டை, இளம் உளவியலாளர்)

முதலில், மருத்துவ உளவியலாளராகப் பதிவு தரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் சான்றிதழை எடுத்து வையுங்கள், எதிர்த்தரப்பு அங்கிருந்துதான் தொடங்கும். மதிப்பெண் மட்டும் போதாது, மூலச் சோதனைத் தாள்களும் கையில் இருக்கட்டும். எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்ற காரணம் இல்லாத கருத்தை நீதிபதி ஒதுக்கிவிடலாம். நீங்கள் சொல்வதை அவர் தட்டச்சருக்குச் சொல்லி எழுத வைப்பார், அதனால் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "நடிக்கவும் வாய்ப்பு உண்டுதானே?" என்று கேட்பார்கள். உண்டு என்றால் உண்டு என்று சொல்லிவிட்டு, அதைக் கண்டுபிடிக்க என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்களை அழைத்த வக்கீலைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டாம். குற்றவாளியா இல்லையா என்று கேட்டால், அது என் வேலை இல்லை என்று சொல்லுங்கள். சாட்சிப் படி பஸ் காசுக்கு ஆகும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வாய்தா போட்டு இன்னொரு நாள் வரச் சொன்னாலும் சொல்வார்கள், அன்றைக்கு வேறு அப்பாயின்ட்மென்ட் எதுவும் வைக்காதீர்கள்.