பதின்மூன்றாம் ஹைன்ரிஷ் எந்த மன்னரின் மகன்?

கேள்வி: ஜெர்மனியில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 2022 டிசம்பரில் ‘இளவரசர் பதின்மூன்றாம் ஹைன்ரிஷ்’ கைதானதாகப் படித்தேன். ஜெர்மனி குடியரசு நாடுதானே? அங்கே இன்னும் இளவரசர்கள் இருக்கிறார்களா? இவர் எந்த மன்னரின் மகன்?

பதில்: எந்த மன்னரின் மகனும் இல்லை. அவருக்கு முன்னால் பன்னிரண்டு ஹைன்ரிஷ்கள் அரசாண்டார்கள் என்றும் பொருள் இல்லை. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தப் பெயரும் பட்டமும் எனக்கு நெருக்கமான விஷயம். ஜெர்மனியின் யேனா நகரில் படித்த காலத்தில் அவருடைய குடும்பத்தார் ஆண்ட ஊர்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம். ஜெர்மன் மொழியில் ‘ஃப்யூர்ஸ்ட்’ வேறு, ‘பிரின்ட்ஸ்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பிரின்ஸ்’ என்ற ஒரே சொல்தான். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும்போது இரண்டுமே இளவரசர் ஆகிவிடுகின்றன, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஃப்யூர்ஸ்ட் என்பவர் தனக்கென்று நிலமும் நீதிமன்றமும் வரி வசூலும் வைத்துக்கொண்டு ஆண்டவர். தமிழில் இதற்கு அருமையான சொல் கையிலேயே இருக்கிறது: சிற்றரசர். அந்தச் சிற்றரசரின் பிள்ளைகள்தான் பிரின்ட்ஸ். அவர்களில் பட்டத்துக்கு வரவேண்டிய மூத்தவர் ‘எர்ப்பிரின்ட்ஸ்’.

1871-ல் ஜெர்மன் பேரரசு உருவானபோது அதில் 25 மாநிலங்கள் இருந்தன. 4 முடியரசுகள், 6 பெருங்கோமகன் (கிராண்ட் டியூக்) நாடுகள், 5 கோமகன் (டியூக்) நாடுகள், 7 சிற்றரசுகள், 3 தன்னாட்சி நகரங்கள். அந்த ஏழு சிற்றரசுகளில் இரண்டு ஒரே குடும்பத்துடையவை. அதுதான் செய்தியில் வந்தவரின் ராய்ஸ் குடும்பம். மூத்த கிளைக்குத் தலைநகர் கிரைட்ஸ், இளைய கிளைக்கு கேரா. மூத்த கிளையின் நாடு மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். இருந்தாலும் பேரரசின் கூட்டாட்சி அவையில் அதற்கும் ஒரு வாக்கு உண்டு. பேரரசின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவுக்கு 17.

இவர்கள் ஆரம்பத்தில் அரசர்களே இல்லை. 12-ஆம் நூற்றாண்டில், அப்போதைய புனித ரோமப் பேரரசரின் நிலத்தை அவர் சார்பில் நிர்வகித்த ‘ஃபோக்ட்’ என்ற அதிகாரிகள். அந்தப் பகுதிக்கு இன்றும் ஃபோக்ட்லாண்ட் என்றுதான் பெயர். பதவி பரம்பரையாகி, பரம்பரை ஆட்சியாகி, 1673-ல் பேரரசின் ‘கிராஃப்’ (ஃப்யூர்ஸ்டுக்குக் கீழ்ப்பட்ட பிரபு) ஆனார்கள். 1778-ல் மூத்த கிளைக்கு ஃப்யூர்ஸ்ட் பட்டம் கிடைத்தது. பட்டத்தை உயர்த்திக் கொடுக்கும் உரிமை பேரரசருக்கு இருந்தது. அது கிடைத்துவிட்டால் பிறகு வழிவழியாக வரும்.

சரி, பெயருக்கு வருவோம். 1190-களில் ஆண்ட பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷுக்கு நன்றிக்கடனாக இந்தக் குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு ஆணுக்கும் ஹைன்ரிஷ் என்று பெயர் வைப்பது வழக்கமானது. மூத்தவன், இளையவன், தம்பி மகன், குழந்தையிலேயே இறந்தவன் எல்லோரும் ஹைன்ரிஷ். ஆகவே எண் கொடுத்தார்கள். வேறு அரச குடும்பங்களில் அரியணை ஏறியவருக்குத்தான் எண். இங்கே பிறந்தாலே எண். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது என்று வைத்துக்கொண்டது. இளைய கிளை ஒவ்வொரு நூற்றாண்டின் தொடக்கத்திலும் புதிதாக எண்ணத் தொடங்கியது.

கிரைட்ஸில் ஆண்ட சிற்றரசர்களை வரிசையாகச் சொல்கிறேன்: 11, 13, 19, 20, 22. இடையில் விட்டுப்போன எண்கள் எல்லாம் ஆட்சிக்கு வராத பிள்ளைகள். கேராவில் இன்னும் விசித்திரம். அங்கே அறுபத்தேழாம் ஹைன்ரிஷின் மகன் பதினான்காம் ஹைன்ரிஷ். அப்பா 1789-ல் பிறந்தவர், மகன் 1832-ல். நடுவில் நூற்றாண்டு மாறிவிட்டது. பதினான்காமவரின் மகன் இருபத்தேழாம் ஹைன்ரிஷ், அவர் மகன் நாற்பத்தைந்தாம் ஹைன்ரிஷ். முதன்முதலில் இந்த வம்சாவளியைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஆக, செய்தியில் வந்தவரின் 13 என்பது இருபதாம் நூற்றாண்டுக் கணக்கில் அவர் பிறந்த வரிசை எண்.

கேராவிலிருந்து வெள்ளை எல்ஸ்டர் ஆற்றை ஒட்டியே ரயில் போகும். கிரைட்ஸில் இறங்கி நடந்தால் பாறைக் குன்றின் மேல் ஒரு அரண்மனை, கீழே ஊருக்குள் ஆற்றோரமாக இன்னொன்று. இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு என்று தோன்றும். காரணம் பாகப்பிரிவினை. மூத்தவருக்கே முழு நாடும் என்ற விதி இல்லாத காலத்தில் நாட்டையும் வீடு, வயல் மாதிரி பிள்ளைகளுக்குப் பங்கு போட்டார்கள். மேல் கிரைட்ஸ், கீழ் கிரைட்ஸ் என்று இரண்டு நாடுகள், ஆளுக்கொரு அரண்மனை. 1768-ல் கீழ்க் கிளை வாரிசு இல்லாமல் போன பிறகுதான் ஒன்றானது. மேலே நின்று பார்த்தால் கீழ் அரண்மனையின் கூரை தெரியும். ஒரு நாட்டிலிருந்து அண்டை நாட்டை அப்படிக் குனிந்தே பார்த்திருக்கிறார்கள்! ஜெர்மன் வரைபடம் ஏன் அப்படிச் சிதறிக் கிடந்தது என்பது எனக்குப் புத்தகத்தைவிட அங்கே நின்றபோதுதான் நன்றாகப் புரிந்தது. பக்கத்தில் கோத்தாவை ஆண்ட பக்திமான் எர்ன்ஸ்டின் ஏழு மகன்கள் 1680-ல் நாட்டை ஏழாகப் பிரித்துக்கொண்டதும் இதே வழக்கத்தில்தான்.

1918 நவம்பரில் ஜெர்மனியில் முடியாட்சி எல்லாம் முடிந்தது. அப்போது கிரைட்ஸின் சிற்றரசர் இருபத்துநான்காம் ஹைன்ரிஷ். உடலாலும் மனதாலும் ஆளும் நிலையில் இல்லாதவர், அவருக்காக கேராவின் உறவினர்தான் ஆட்சியைக் கவனித்தார். அந்த இருபத்தேழாம் ஹைன்ரிஷ் இரண்டு நாடுகளின் சார்பிலும் பதவி விலகினார். 1920-ல் ராய்ஸ் நாடு துரிங்கியா மாநிலத்தோடு சேர்ந்தது. அவருடைய மகன், நாடகத்தின் மீது பெரும் ஈடுபாடு கொண்ட நாற்பத்தைந்தாம் ஹைன்ரிஷ், 1945-ல் சோவியத் படையினரால் கைதுசெய்யப்பட்டார். அதன் பிறகு திரும்பவே இல்லை. கேராவில் ஆண்ட அந்த வழி அவரோடு நின்றுபோனது. செய்தியில் வந்தவர் அதே குடும்பத்தின் வேறொரு பிரிவைச் சேர்ந்தவர்.

அப்புறம் சட்டம். குடியரசான ஜெர்மனியின் 1919 வைமார் அரசியலமைப்பு, 109-ஆம் பிரிவு: பிறப்பால் வரும் சலுகைகள் ரத்து, உயர்குடிப் பட்டங்கள் இனிமேல் பெயரின் பகுதி மட்டுமே, புதிதாக யாருக்கும் பட்டம் தரக்கூடாது. ஆஸ்திரியா அதே ஆண்டில் உயர்குடிப் பெயரில் வரும் ‘ஃபோன்’ என்ற ஒட்டைக்கூட விட்டுவைக்காமல் வெட்டியது. ஜெர்மனி பெயரை மட்டும் விட்டது. அதனால்தான் அங்கே ஒருவரின் அடையாள அட்டையில் ‘பிரின்ட்ஸ்’ என்று இருக்கலாம். மணவாழ்க்கையாலும் தத்தெடுப்பாலும்கூட அந்தப் பெயர் வேறொருவருக்குப் போகும். அதோடு நிலமோ அதிகாரமோ போகாது.

நம் நாளிதழ்கள் இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது ‘முன்னாள் சிற்றரசர் குடும்பத்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் பிரின்ட்ஸ் ராய்ஸ்’ என்று எழுதினால் போதும். உங்களுக்கு வந்த சந்தேகம் அப்போது யாருக்கும் வராது.