பிரிட்டன் கார்ட்டூன் என்றால் பெப்பா பிக் மட்டும்தானா?

"டிஸ்னி, ஜப்பான் அனிமே மாதிரி பிரிட்டனில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லையே" என்று கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது போல. நாள் முழுக்க அந்தப் பன்றிக்குட்டிச் சத்தம்தான் காதில் விழும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எதுவும் இல்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஒன்பது வருடம் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருந்தோம். வாலஸ் என்ற ஆள், குரோமிட் என்ற அவர் நாய், இந்தப் பொம்மைகளை வைத்துப் படமெடுக்கும் ஆர்ட்மன் ஸ்டுடியோ இருக்கும் ஊர். ஒரு மழைக்கால விடுமுறையில், ஏழு வயது மகளும் நானும் பிளாஸ்டிசின் (களிமண் மாதிரிப் பிசையும் பொருள்) வாங்கி ஓர் ஆடு செய்தோம். அது மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். வினாடிக்கு 12 படம் என்று கணக்கு. ஒரு காலைத் தூக்கினால் ஆடு குப்புற விழுந்தது. உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. பாதியில் கை பட்டு போன் நகர்ந்துவிட, முதலிலிருந்து எடுத்தோம். இரண்டு மதியம் போய் 96 படம் சேர்ந்தது. ஓட்டினால் எட்டே வினாடி. ஆட்டின் முதுகில் விரல் ரேகைகள் நெளிந்தன. "அசிங்கமா இருக்கும்மா" என்று அழுதாள். வாலஸும் குரோமிட்டும் வரும் 'தி ராங் டிரவுசர்ஸ்' படத்தைப் போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். அதிலும் ரேகை தெரிந்தது. 1993-இல் வந்த அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது என்றதும் அழுகை நின்றது.

குரோமிட்டுக்கு வாயே கிடையாது. சந்தேகம், கோபம், அலுப்பு எல்லாம் அந்தப் புருவத்தில்தான். இவர்களை உருவாக்கிய நிக் பார்க் மாணவராக இருந்தபோது தொடங்கிய முதல் வாலஸ் படம் 1989-இல்தான் முடிந்தது. அது ஆஸ்கருக்குப் போய்த் தோற்றதும் அவருடைய இன்னொரு படமான 'கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்' இடம்தான்!

'பேக்பஸ்' என்ற துணிப் பூனையை ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபர்மினும் கென்ட்டில் ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில் படம் பிடித்தார்கள். 1974-இல் மொத்தமே 13 பகுதிகள். 1999-இல் பிபிசி வாக்கெடுப்பில் மக்களுக்கு மிகப் பிடித்த சிறுவர் நிகழ்ச்சியாக வந்தது அதுதான்.

அமெரிக்காவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். நானும் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்தவள்தான். பிரிட்டனில் ஹாலஸ்-பேச்சலர் தம்பதி 1954-இல் எடுத்த 'அனிமல் ஃபார்ம்' கார்ட்டூன் படத்துக்கு அமெரிக்க உளவுத்துறைப் பணம் வந்ததும் தெரியும். அதனால் அந்தக் கைவேலை இல்லையென்று ஆகிவிடாது.

ஊர் திரும்பி மகளைப் பள்ளியில் சேர்த்தோம். அந்த எட்டு வினாடிப் படத்தை வகுப்பில் காட்டியிருக்கிறாள். "யூடியூபில் எடுத்ததா?" என்று கேட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு ஓவியப் பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

சரி, உங்கள் குழந்தைக்கு அதே ஆர்ட்மன் எடுத்த 'ஷான் தி ஷீப்' என்ற ஆட்டுக் கதைத் தொடரைப் போட்டுப் பாருங்கள். வசனமே கிடையாது, மொழி தெரிய வேண்டியதில்லை. கூடவே நீங்களும் உட்காருங்கள்.