அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படம் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கே: திரையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எங்கே தொடங்குவது? (மூன்றாம் ஆண்டு மாணவி, அடுக்கம்பாறை)

ப: திசையில் தொடங்குங்கள். வயிற்றைக் குறுக்காகப் பார்க்கும்போது திரையின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். நெடுக்காகப் பார்த்தால் திரையின் இடப்பக்கம் தலைப்பக்கம். அது பிடிபட்டதும் நிறம். ரத்தம், சிறுநீர், பித்தநீர் கருப்பு. கல்லும் எலும்பின் மேல்பரப்பும் பளிச்சென்ற வெள்ளை.

கே: மாணவர்கள் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "பித்தக்கல்" என்கிறார்கள். எப்படித் திருத்துவது? (ஆசிரியர், வேலூர்)

ப: நோயின் பெயரைச் சொல்லவே விடாதீர்கள். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லட்டும். "பித்தப்பைக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. அதன் பின்னால் கருநிழல். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் உருள்கிறது." இந்த மூன்றும் வாயிலிருந்து வந்தபிறகு கல் என்று சொல்லட்டும். நிழல் ஏன் விழுகிறது என்றும் அப்போதே கேளுங்கள். ஒலி கல்லைத் தாண்டிப் போவதில்லை, அதனால் பின்னால் இருட்டு. பாலிப், அதாவது பைச்சுவரில் வளரும் சிறு சதை, என்றால் சுவரோடு ஒட்டி நிற்கும், நகராது, பொதுவாக நிழலும் இருக்காது. அப்புறம், பித்தப்பையை ஒட்டியே முன்சிறுகுடல் இருக்கிறது. அதிலுள்ள வாயுவும் வெள்ளையாகத் தெரியும், பின்னால் கலங்கலாக ஒரு நிழலும் விழும். நன்றாகப் படிப்பவர்களே ஏமாறும் இடம் இது. உடம்பில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோபைத் திருப்பி, பொட்டு பைக்குள்தான் இருக்கிறதா என்று குறுக்கு, நெடுக்கு இரண்டு வாட்டத்திலும் காட்டச் சொல்லுங்கள். அச்சடித்த படத்தை வைத்து இதைச் சொல்லித்தர முடியாது. புரோப் மாணவர் கையில் இருக்க வேண்டும்.

கே: நண்பர்கள் ஒருவருக்கொருவர் ஸ்கேன் செய்து பழகலாமா? (மாணவர், காட்பாடி)

ப: ஆசிரியர் கூட இருந்தால் பழகலாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள். இட்லி சாப்பிட்டு வந்தவரின் பித்தப்பை சுருங்கிக் கிடக்கும். மெஷினை ஹாஸ்டலுக்குத் தூக்கிப்போகும் எண்ணம் மட்டும் வேண்டாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும், நினைத்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியாது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதைத் தடுத்து, பெண் சிசுவைக் காக்க வந்த சட்டம் அது. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

கே: கத்திரி வெயிலில் சிறுநீரகக் கல் வலியோடு வருகிறார்கள். சிறுநீரகத்தில் நீர் கோக்கவில்லை என்றால் அடைப்பு இல்லை என்று எழுதலாமா? (பயிற்சி மருத்துவர், ராணிப்பேட்டை)

ப: அவசரப்படாதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தால் அடைப்பு இருந்தும் வீக்கம் தெரியாமல் போகலாம்; வலி தொடங்கிய சில மணி நேரத்திலும் அப்படித்தான். உடம்பில் நீர் ஏறியபிறகு மறுபடி பாருங்கள். நேர்மாறாகவும் நடக்கும். சிறுநீர்ப்பை முட்ட நிறைந்திருந்தால் அடைப்பே இல்லாமல் லேசாக நீர் கோத்தது போலக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.