சினிமாவில் ‘அண்டர்பிளே’ நடிப்பு என்றால் என்ன?

உணர்ச்சியை முழுதாகக் கொட்டாமல், பாதியை உள்ளேயே வைத்துக்கொண்டு நடிப்பதைத்தான் அண்டர்பிளே என்கிறார்கள். நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால் குரலும் கையசைவும் பெரிதாகத்தான் இருக்கும். சினிமாவில் அந்தத் தேவையில்லை. க்ளோசப்பில் இமை அசைந்தாலே திரை முழுக்கத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது மைக் வைத்துப் பேசுவார்களா?

நாடகத்திலிருந்து வந்த சிவாஜி, ‘முதல் மரியாதை’யில் (1985) எப்படி அடக்கி வாசித்தார் பாருங்கள். என்னைக் கேட்டால், ‘பராசக்தி’ (1952) நீதிமன்ற வசனத்தைவிட அதுதான் கடினம். (சண்டைக்கு வராதீர்கள்!)

அப்புறம், குரல் உயர்ந்தாலே ஓவர் ஆக்டிங் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்த நீதிமன்றக் காட்சியே அவ்வளவு குரலைக் கேட்கிறது, அங்கே முணுமுணுத்திருந்தால்தான் தப்பு.