அமினோ அமிலம் சேர்ந்தால் தண்ணீர் ஏன் வருது? டீச்சர் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளும் சில பெற்றோரும் கேட்டவை இவை. ஆறாம் படிவத்துக்கு வேதியியல் சொல்லித் தருபவள் நான், தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், கிளைசினும் அலனினும் சேரும்போது தண்ணீர் எங்கிருந்து வருது?

இரண்டிலிருந்தும்தான், தங்கச்சி. இரண்டுமே அமினோ அமிலங்கள், அதாவது புரதச் சங்கிலியின் கண்ணிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு கார்பாக்சில் குழுவும் (COOH) ஓர் அமினோ குழுவும் (NH₂) உண்டு. கிளைசினின் கார்பாக்சில் குழு தன் ஹைட்ராக்சிலை விடும், அலனினின் அமினோ குழு ஒரு ஹைட்ரஜனை விடும், இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். மிச்சமுள்ள கார்பனும் நைட்ரஜனும் இணைவதுதான் பெப்டைட் பிணைப்பு. மூலக்கூறு எடைக் கணக்கு: கிளைசின் 75 + அலனின் 89 − தண்ணீர் 18 = 146. அந்த 18-ஐக் கழிக்க மறந்துவிடாதே.

அலனினை முதலில் எழுதினாலும் அதே பொருள்தானே?

இல்லை. எடை ஒன்றுதான், பொருள் வேறு. சேராமல் மிஞ்சியிருக்கும் அமினோ முனை எந்த அமிலத்தில் இருக்கிறதோ அதை இடது பக்கம் எழுத வேண்டும்.

இன்சுலினில் 51 அமினோ அமிலம், அப்போ 50 பெப்டைட் பிணைப்பா?

49. அது 21, 30 என்று இரண்டு சங்கிலி, தம்பி. ஒவ்வொரு சங்கிலியிலும் அமிலங்களைவிடப் பிணைப்பு ஒன்று குறைவு, அதனால் 20-ம் 29-ம் கூட்டிப் பார். சங்கிலிகளுக்கு நடுவே இருப்பது கந்தகப் பிணைப்பு, அதை இதில் சேர்க்கக் கூடாது.

ரெண்டையும் தண்ணீரில் கரைத்து வைத்தால் தானா சேருமா?

சேராது. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. தண்ணீரில் கார்பாக்சில் முனை எதிர்மின்னோடும் அமினோ முனை நேர்மின்னோடும் அப்படியே நிற்கும், அந்த நிலையில் ஒன்றோடொன்று வினைபுரியாது, போதாக்குறைக்குச் சுற்றியுள்ள அத்தனை தண்ணீரும் பிணைப்பை உடைக்கும் பக்கமே சாதகம். அதனால்தான் செல் முதலில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் அதைச் சுமந்து செல்லும் ஒரு கடத்து ஆர்என்ஏவில் ஏற்றுகிறது, அப்புறம் செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் அவற்றை வரிசையாகக் கோக்கிறது. அங்கே பிணைப்பை உண்டாக்குவது புரதம் இல்லை, ரைபோசோமின் ஆர்என்ஏ! ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

ஆட்டுக்கறியில பச்சைப் பப்பாளி போட்டா சீக்கிரம் வேகுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா டீச்சர்?

உண்டு அக்கா, இதே வேலை தலைகீழாக நடக்கிறது. பப்பாளிக் காயைச் சீவும்போது வெள்ளையாக வடிகிற பாலில் பப்பேன் என்ற நொதி, அதாவது வினையை விரைவாக்கும் புரதம், இருக்கிறது, அது பெப்டைட் பிணைப்பில் தண்ணீரைத் திரும்பச் சேர்த்து இறைச்சிப் புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். கொதிக்கவிட்டால் நொதி செயலிழக்கும், அதனால் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பிசறி ஊறவையுங்கள். ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டாம், கறி குழைந்து கூழாகிவிடும்.